முழுக் கிட்னியையும் எடுப்பதா, கட்டியை மட்டுமா? பெரியப்பாவுக்காக நாங்கள் போட்ட கணக்கு

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், நாகலூரில் இருக்கும் பெரியப்பாவுக்கு வயிறு உப்புசம். ஏற்காட்டில் மாத்திரை வாங்கிப் போட்டும் கேட்கவில்லை என்று மலையிறங்கி வந்து சேலத்தில் ஸ்கேன் எடுத்தார். வயிற்றில் ஒன்றும் இல்லை. வலது கிட்னியில் 3.8 சென்டிமீட்டரில் ஒரு கட்டி. உப்புசத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இந்தக் காலத்தில் கிட்னிக் கட்டிகளில் பெரும்பாலானவை இப்படித்தான், வேறு எதற்கோ எடுக்கிற ஸ்கேனில் தற்செயலாக மாட்டுகின்றன. சிடி ஸ்கேனும் பார்த்துவிட்டு, "புற்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் கிட்னியைத் தாண்டி எங்கேயும் போகலை" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆளுக்கொரு தீர்மானம். பெரியம்மா, "அந்தச் சனியனை முழுசா எடுத்துப் போடச் சொல்லு. பாதி எடுத்து மீதியை விட்டா மறுபடி வராதா?" என்றார். பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு, ரோபோ கருவி வைத்துச் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்தான். கோயம்புத்தூரோ சென்னையோ, பணத்தைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். டாக்டர் சொல்லியனுப்பியது பழைய வழி: விலாவுக்குக் கீழே திறந்து, கிட்னியைச் சுற்றி ஐஸ் வைத்து, கட்டியை மட்டும் வெட்டியெடுப்பது. பெரியப்பா எதையும் காதில் வாங்கவில்லை. "காப்பிப் பழம் எடுத்து முடியட்டும். தை பொறந்து பார்த்துக்கலாம் கண்ணு."

கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டாக்டர் இல்லை. சேலத்தில் ஒரு லேபில் 19 வருஷமாக டெக்னீஷியன். கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் கூடும் கழிவு கிரியேட்டினின்; ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கிரியேட்டினின் ரிசல்ட் என் கை வழியாகப் போகும். அதனால் வீட்டில் எனக்கு அரை டாக்டர் பட்டம். அந்த மூன்று வாரத்தில் நான் படித்தது, டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டது, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தது, எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். இதே மாதிரி ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களுக்கு உதவும்.

ரத்தத்தை நிறுத்தாமல் வெட்ட முடியாதா?

முதலில் எனக்கே புரியாமல் இருந்தது இதுதான். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுத் தைத்தால் முடிந்தது, அதில் கிட்னி கெட என்ன இருக்கிறது?

கிட்னி கொள்ளும் ரத்தத்தின் அளவு தெரிந்தால் புரிந்துவிடும். இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் தள்ளுகிறது. அதில் ஒரு லிட்டருக்கு மேல் இரண்டு கிட்னிகளுக்கே போய்விடுகிறது. இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்தால் 300 கிராம் தேறும். அவ்வளவு சின்ன உறுப்பில் அவ்வளவு ரத்தம் ஓடும்போது கத்தி வைத்தால் எது கட்டி, எது நல்ல சதை என்றே கண்ணுக்குத் தெரியாது. அதனால் கிட்னிக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு கிளாம்ப் போட்டுப் பிடித்துவிடுகிறார்கள். ஸ்பிரிங் வைத்த சின்னக் கிளாம்ப். பார்த்தால் கொடியில் துணிக்குப் போடும் கிளிப் ஞாபகம்தான் வரும். அதைப் போட்ட நொடியிலிருந்து தியேட்டரில் ஒருவர் நிமிடத்தை எண்ணத் தொடங்குகிறார்.

ரத்தம் நின்றதும் முதலில் அடிபடுவது கிட்னியின் உள்பக்கம். வெளிப்பக்கத்துக்குத் தாராளமாக ரத்தம் கிடைக்கும். உள்பக்கம் சாதாரண நாளிலேயே குறைந்த ஆக்சிஜனில் காலம் தள்ளுகிறது. ஆனால் உப்பை இழுத்துத் திரும்ப ரத்தத்தில் சேர்க்கும் கடுமையான வேலை செய்யும் நுண்குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. சில நிமிடங்களில் அந்தச் செல்களின் சக்திக் கையிருப்பு தீர்ந்துபோகிறது. உப்பை வெளியே தள்ளும் பம்ப் நிற்கிறது, செல் வீங்குகிறது. ரொம்ப நேரமானால் குழாயின் உள்பூச்சு உரிந்து விழுந்து, அந்தக் குப்பையே குழாயை அடைத்துக்கொள்கிறது. எங்கள் லேபில் மைக்ரோஸ்கோப்பில் சிறுநீரைப் பார்க்கும்போது சேற்று நிறத்தில் உருளை உருளையாகத் தெரிவது அந்தக் குப்பைதான்.

இதில் ஒரு பகுதிச் சேதம் கிளாம்ப்பை எடுத்த பிறகு நடக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கரண்ட் போனதால் மோட்டார் கெட்டதாக யாரும் சொல்வதில்லை. போன கரண்ட் எகிறிக்கொண்டு திரும்பி வரும்போதுதான் மோட்டாரின் கம்பிச் சுருள் புகையும். கிட்னிக்கு ரத்தம் நின்றதும் கெடுதல், திரும்பி வந்ததும் கெடுதல். ரத்தம் நின்ற நேரத்தில் செல்லுக்குள் கழிவுகள் சேர்ந்து கிடக்கின்றன. ஆக்சிஜன் திடீரென்று பாய்ந்ததும் அவற்றிலிருந்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் அரிக்கும் வேதிப்பொருள்கள் கிளம்புகின்றன. கால்சியம் உள்ளே புகுகிறது. பின்னாலேயே வெள்ளணுக்கள் வந்து வீக்கத்தைக் கூட்டுகின்றன.

நல்ல செய்தியும் உண்டு. உரிந்த உள்பூச்சு மறுபடி வளரும், ஒன்று முதல் மூன்று வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும். வளராதது நெஃப்ரான், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகு. ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள்; முழுசாகச் செத்துத் தழும்பானது தழும்புதான்.

எத்தனை நிமிடம்?

ரத்தம் நின்ற கிட்னி உடம்புச் சூட்டிலேயே இருந்தால் 30 நிமிடம்வரை தாங்கும் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு 25 என்று குறைத்தார்கள். இப்போது அப்படி ஒரு கோடே கிடையாது, ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான் என்கிறவர்களும் உண்டு. வேறொரு கட்சி, நிமிடத்தைவிட மிஞ்சுகிற நல்ல சதையின் அளவுதான் கடைசியில் தீர்மானிக்கிறது என்கிறது. படிக்கப் படிக்க நான் அந்தக் கட்சியில்தான் போய்ச் சேர்ந்தேன். 12 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று அவசரத்தில் கட்டியோடு சேர்த்து ஒரு பிடி நல்ல சதையையும் வாரி எடுத்து, மீதியை இறுக்கித் தைத்தால் என்ன லாபம்? தையலில் நெரிந்த சதைக்கும் ரத்தம் போகாதே.

நிமிடத்தை நீட்டிக்க ஒரே நிச்சயமான வழி குளிர்ச்சி. மீன் கடைக்காரர் ஐஸ் கொட்டுவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: குளிரில் செல்லின் பசி அடங்குகிறது. கிளாம்ப் போட்டதும் கிட்னியைச் சுற்றி நொறுக்கிய ஐஸை அணைத்து வைத்து, சுமார் 10 நிமிடம் கத்தியைத் தொடாமல் காத்திருக்கிறார்கள். கிட்னியின் உள்சூடு 20 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் வேலை தொடங்குகிறது. அதன் பிறகு ஒரு மணி நேரம்கூடத் தாங்கும்.

மருந்து? கிளாம்ப்புக்கு முன்னால் மேனிடால் என்ற சிறுநீரைப் பெருக்கும் மருந்தை ஏற்றுவது பல வருஷப் பழக்கம். கிட்னி இயல்பாக இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேனிடாலும் மீதிப் பேருக்கு வெறும் திரவமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பின் கிட்னியிலும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆகவே 'கிட்னியைக் காப்பாற்ற ஊசி' என்று யாராவது சொன்னால் நான் அதற்காக ஆஸ்பத்திரியைத் தேர்வு செய்ய மாட்டேன்.

பெரியம்மா கட்சி: முழுசா எடுத்துவிடுவது

பெரியம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் இந்த அளவுக் கட்டிகளில் புற்றை விரட்டுவதைப் பொறுத்தவரை இரண்டு ஆபரேஷனும் ஏறக்குறைய சமம். முழுசாக எடுப்பதில் வேறு வசதிகள் உண்டு. லேப்ராஸ்கோப்பியில் சின்னத் துளைகளோடு முடிந்துவிடும், ரத்த இழப்பு குறைவு, தையலில் கசிவு என்ற பேச்சே இல்லை. மிஞ்சுகிற இடது கிட்னிக்கு யாரும் கிளாம்ப் போடப்போவதும் இல்லை.

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதற்கு ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய ஒப்பீடு சாட்சி. 5 சென்டிமீட்டர்வரை கட்டி இருந்த 541 பேரில் ஒரு பாதிக்கு முழுக் கிட்னியையும், இன்னொரு பாதிக்குக் கட்டியை மட்டும் எடுத்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. கட்டியை மட்டும் எடுத்தவர்கள் அதிக காலம் வாழ்ந்ததாக அதில் தெரியவில்லை. அதே ஆட்களைப் பற்றி 2014இல் வெளியான கணக்கில், கிட்னியின் வடிகட்டும் வேகம் (ரிப்போர்ட்டில் ஜிஎஃப்ஆர் என்று இருக்கும்) 60க்குக் கீழே போனவர்கள் முழுசாக எடுத்தவர்களில் 100க்கு 86 பேர், கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 65 பேர். ஆனால் கிட்னி அடியோடு செயலிழக்கும் நிலைக்கு, அதாவது 15க்குக் கீழே போனவர்கள், இரண்டு பக்கமும் 100க்கு இரண்டு பேர்கூட இல்லை. இன்னொரு கிட்னி நன்றாக இருந்தால் ஒற்றைக் கிட்னியோடு நிம்மதியாகக் காலம் தள்ளலாம் என்றுதான் இதற்கு அர்த்தம்.

பெரியப்பாவின் இன்னொரு கிட்னி நன்றாக இருக்கிறதா? அங்கேதான் கணக்கு மாறியது. வயது 62. சர்க்கரை 15 வருஷமாக. கிரியேட்டினின் 1.4. 'கொஞ்சம்தானே கூட' என்று தோன்றும் எண் இது. அவர் வயதுக்குக் கணக்கிட்டால் ஜிஎஃப்ஆர் 57. எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டும் டிடிபிஏ ஸ்கேனில் வலது 51 சதவீதம், இடது 49. கட்டி இருக்கிற கிட்னிதான் கொஞ்சம் கூட உழைக்கிறது! அதைத் தூக்கிப் போட்டால் 57இல் பாதி அன்றே போகும். மிஞ்சும் கிட்னி கொஞ்சம் பொறுப்பேற்றுக்கொண்டாலும் 35 பக்கம்தான் நிற்கும். அதற்கு மேல் சர்க்கரை வேறு வருஷா வருஷம் தன் பங்குக்கு அரிக்கும். டயாலிசிஸ் என்ற வார்த்தையை முதலில் சொன்னது அண்ணன். பெரியம்மா அதோடு வாயை மூடிக்கொண்டார்.

பெரியப்பா கட்சி, அப்புறம் சுட்டுப் பொசுக்குவது

தை வரை தள்ளிப்போடுவது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. சின்னக் கிட்னிக் கட்டிகள் சராசரியாக வருஷத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. வயதானவர்களுக்கு வெறுமனே ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதே வைத்தியமாக இருப்பதும் உண்டு. ஆனால் பெரியப்பாவுக்கு 62தான், கட்டியும் 4ஐ எட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் தள்ளுவதில் ஆபத்து பெரிதில்லை, தை வந்தால் மிளகு, மிளகு முடிந்தால் காப்பி பூக்கும், மழை பார்க்க வேண்டும் என்பார் என்பதுதான் எங்கள் பயம்.

ஊசி செருகிக் கட்டியைச் சுடுவது அல்லது உறையவைப்பது இன்னொரு வழி. கிளாம்ப்பே வேண்டாம். ஆனால் அது 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஓரத்தில் இருக்கிற கட்டிகளுக்குத்தான் கச்சிதம். பெரியப்பாவுக்குக் கட்டி, ரத்தக்குழாய்கள் நுழையும் நடுப்பகுதிக்குப் பக்கத்தில், பாதி புதைந்து கிடந்தது. இரண்டு நிமிடத்தில் அதைத் தள்ளிவிட்டோம்.

ரோபோவா, ஐஸா

உண்மையான போட்டி இங்கேதான். அண்ணனோடு ராத்திரி ராத்திரியாக போனில் சண்டை.

ரோபோவின் பலம் அதன் மணிக்கட்டு. நம் கையைவிடச் சுழலும் கருவிகளால் உள்ளே வேகமாகத் தைக்க முடிகிறது. பழகிய கைகளில் 15, 20 நிமிடத்தில் கிளாம்ப்பை எடுத்துவிடுகிறார்கள். முதல் வரிசைத் தையல் போட்டதுமே கிளாம்ப்பைத் திறந்துவிட்டு மீதியை ரத்தம் ஓடும்போதே தைப்பவர்களும் உண்டு. தழும்பு சின்னது, வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். செலவு மட்டும் லட்சக் கணக்கில் ஏறும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை உண்டு என்றாலும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த முறைக்கு எவ்வளவு தருவார்கள் என்பதை அட்டையை நீட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ரோபோவில் ஐஸ் வைப்பது லேசில்லை. துளை வழியாக ஐஸ் கூழைச் செலுத்திச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் சூடான கிட்னியிலேயே வேகமாக முடித்துவிடுகிறார்கள். இன்னொன்று, வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஏற்றி உப்பவைத்துத்தான் வேலை. அந்த அழுத்தமே கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். நல்ல கிட்னி இதைக் கண்டுகொள்ளாது. ஏற்கெனவே தள்ளாடும் கிட்னியில் எல்லாமே கூடிக்கொண்டு போகும்.

"கிளாம்ப்பே போடாமலும் ரோபோவில் செய்கிறார்களாமே?" என்று அண்ணன் அடுத்த அம்பை எடுத்தார். செய்கிறார்கள். இத்தாலியில் இதைச் சோதித்தே பார்த்தார்கள்: இரண்டு கிட்னியும் நன்றாக உள்ளவர்களில் கிளாம்ப் போட்டவர், போடாதவர் என்று பிரித்தார்கள். பின்னால் கிட்னியின் வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. போடாமல் செய்யத் தொடங்கியவர்களில் கணிசமானோருக்கு நடுவில் போட வேண்டியும் வந்தது. ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டிக்கு அது சரி. நடுப்பகுதியை ஒட்டிப் புதைந்திருப்பதற்கு, ரத்தக் குளத்தில் கத்தி வீசுவது மாதிரி.

ஆக ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியது. அதை டாக்டரிடமே கேட்டேன்: "இந்தக் கட்டிக்கு, உங்க கையில, எத்தனை நிமிஷம் ஆகும் சார்?" அவர் சிடி படத்தைத் திரையில் மேலும் கீழும் ஓட்டினார். கட்டியின் அடிப்பக்கம் சிறுநீர் சேரும் பையைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார். "இங்கே திறக்கும், தனியாத் தைக்கணும். 35 நிமிஷம்னு வெச்சுக்கங்க. 20 நிமிஷக் கட்டியா இருந்தா நானே ரோபோவுக்குப் போங்கன்னு சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்டபோது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கருவி எது என்பது இரண்டாவது. நிமிடம் குறைவாக இருக்கும் என்றால் சூட்டிலேயே செய்யலாம், ரோபோ பிரமாதம். நிமிடம் நீளும், கிட்னியும் ஏற்கெனவே அரைகுறை என்றால் குளிர்ச்சி வேண்டும். குளிர்ச்சி வேண்டுமென்றால் எங்கள் கைக்கெட்டிய தூரத்தில் திறந்து செய்வதுதான் வழி. இதே கட்டி, இதே இடம், ஆனால் கிரியேட்டினின் 0.9 உள்ள ஆளாக இருந்தால் நான் அண்ணன் பக்கம் சாய்ந்திருப்பேன்.

தூரமும் ஒரு காரணம். கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷனில், வெட்டிய இடத்து ரத்தக்குழாய் பலூன் மாதிரி ஊதி, 2 வாரம் கழித்துக்கூட உடையலாம். அபூர்வம்தான். ஆனால் திடீரென்று சிறுநீர் ரத்தமாகப் போகும், உடனே ஆஸ்பத்திரி வேண்டும். நாகலூரிலிருந்து ஏற்காடு வந்து, ராத்திரி நேரத்தில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூருக்கு இன்னும் 160 கிலோமீட்டருக்கு மேல் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கியது. சேலத்திலேயே செய்வது, முடிந்ததும் மூன்று வாரம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டில் இருப்பது, அதன் பிறகுதான் மலையேறுவது என்று முடிவாயிற்று.

சட்டைப் பையில் இருந்த எதிரி

எல்லா ஒப்பீட்டையும்விட லாபமான ஒரு வேலையை ஆபரேஷனுக்கு முன்பே செய்தோம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டபோது சர்க்கரை மாத்திரையையும் பிபி மாத்திரையையும் மட்டும் சொன்னார் பெரியப்பா. நான் அவர் சட்டைப் பையில் கையை விட்டேன். பாதி தீர்ந்த அட்டை ஒன்று. மூட்டுவலி மாத்திரை. தோட்டம் முழுக்கச் சரிவு, ஏறி இறங்க முட்டி வலிக்கிறது என்று ஆறு வருஷமாக மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். கிட்னிக்கு ரத்தம் குறையும்போது அதன் வாசல் குழாயை விரித்துப் பிடிக்க உடம்பே ஒரு பொருளைச் சுரக்கிறது. டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் அந்தச் சுரப்பையே அடைத்துவிடும். கிளாம்ப்புக்கு முன்னால் பாதிக் கிளாம்ப்பை நாமே போட்டுக்கொள்வது மாதிரி. அன்றே நிறுத்தச் சொன்னார்கள். பிபி மாத்திரையிலும் சில வகைகளை ஆபரேஷனுக்கு முந்தின நாள் நிறுத்திவைப்பது உண்டு, அது டாக்டர் பாடு. நாமாக நிறுத்தக் கூடாது.

ஐப்பசியில்

கிளாம்ப் 36 நிமிடம். ஐஸில் 10 நிமிடம் போக, வெட்டுவதும் தைப்பதும் மீதி நேரத்தில். இதை டாக்டரே வெளியே வந்து சொன்னார், நான் கேட்பேன் என்று தெரிந்து.

முதல் ராத்திரி கட்டிலின் பக்கத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்கு முன்னால் கோடு போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் அறை. மணிக்கொரு முறை நர்ஸ் வந்து அதில் சேர்ந்ததைக் குனிந்து பார்த்து எழுதிவிட்டு, திருகைத் திறந்து கீழே பைக்கு விடுவார். கிலோவுக்கு அரை மில்லி என்ற கணக்கில் 64 கிலோ பெரியப்பாவுக்கு மணிக்கு 32 மில்லியாவது வர வேண்டும். அதற்குக் கீழே 6 மணி நேரம் போனால் கிட்னி அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் மணி 22, ரோஸ் நிறத்தில். அடுத்தது 26. மூன்றாவது மணிக்கு நர்ஸ், "பிபி கொஞ்சம் கீழ இருக்கு" என்று டாக்டருக்கு போன் போட்டு, சலைன் வேகத்தைக் கூட்டினார். கிட்னிக்கு இரண்டாவது முறை ரத்தம் குறைவது முதல் முறையைவிட மோசம் என்பதால் அவர்கள் பிபியைக் காவல் காத்தார்கள். விடியும்போது மணிக்கு 50, ரோஸ் நிறம் போய் வைக்கோல் நிறம்.

கிரியேட்டினின் அவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொல்லாது. கிட்னி அடிபட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் அது ஏறும். 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலோ, ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கானாலோ திடீர்க் கிட்னி பாதிப்பு என்று கணக்கு. பெரியப்பாவுக்கு மறுநாள் 1.6, இரண்டாம் நாள் 1.9, மூன்றாம் நாள் 2.1. ஒன்றரை மடங்கு. அண்ணன் போனில் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமை எனக்குப் புரிந்தது. நான்காம் நாள் 2.0, வீட்டுக்கு வரும்போது 1.7. ஆறாவது வாரம் என் கையாலேயே மெஷினில் வைத்தேன்: 1.5. ஜிஎஃப்ஆர் 52. வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை என்று பயாப்சி வந்தது.

லேபில் உட்கார்ந்திருப்பவள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். 1.4 போய் 1.5 வந்ததை வைத்து வலது கிட்னிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கக் கூடாது. ஒரு கிட்னி தளர்ந்தால் இன்னொன்று சத்தம் போடாமல் கூடுதல் வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும். ரத்தத்தில் இரண்டின் கூட்டுத்தொகைதான் தெரியும். அதனால் ஆபரேஷன் செய்த கிட்னியின் நிலைமை தெரிய வேண்டுமானால் பிரித்துக் காட்டும் ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டும். மாசியில் எடுத்தோம். வலது 51இலிருந்து 44 ஆகியிருந்தது. கணக்குப் போட்டால் அந்தக் கிட்னி தன் வேலையில் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கிறது. கட்டியோடு போனது கொஞ்சம், தையலில் கொஞ்சம், 36 நிமிடத்தில் கொஞ்சம். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. முழுசாக எடுத்திருந்தால் 35இல் நின்றிருக்க வேண்டிய மனிதர் 52இல் இருக்கிறார்.

பழம் பறிப்பு பெரியப்பா இல்லாமலேயே தொடங்கிவிட்டது. மூன்று வாரமும் கன்னங்குறிச்சித் திண்ணையில் உட்கார்ந்து, களத்தில் காப்பி காய்வதை வீடியோ காலில் பார்த்து ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார். முட்டிவலிக்கு இப்போது நொச்சித் தழை ஒத்தடம்.

ரோபோவுக்குப் போயிருந்தால் தழும்பு சின்னதாக இருந்திருக்கும் என்று அண்ணன் இன்னமும் சொல்கிறார். அது உண்மைதான். பெரியப்பாவின் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு, அதையொட்டி லேசாக ஒரு புடைப்பு. மலைக்குளிரில் இருமல் வரும்போதெல்லாம் அங்கே உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொள்கிறார்.